மூக்கைப் பொத்திக்கிட்டுப் போன தெரு, சிலுவை போட்டுக்கிட்டுப் போன தெரு: ஜெராஷ் மாறின விதம்

ஒரு சர்ச் வாசல்ல என்ன எழுதி வைப்பாங்க? எந்தப் புனிதருக்குக் கட்டினது, யார் கட்டினது, எந்த வருஷம், அவ்வளவுதான். ஜோர்டான்ல ஜெராஷ்னு ஒரு ஊர் இருக்கு, அங்க கிபி 494-ல ஆரம்பிச்சு 496-ல கட்டி முடிச்ச புனித தியோடர் சர்ச்ல ஒரு கிரேக்கக் கல்வெட்டு, அதுல அந்தக் கட்டடமே வாயைத் திறந்து பேசுது. முன்னாடி இங்க உழைச்சு ஓஞ்சு செத்த மிருகங்களைக் கொண்டு வந்து போடுவாங்களாம், நாத்தம் தாங்காம வழில போறவங்க மூக்கைப் பிடிச்சுக்கிட்டு மூச்சை அடக்கிக்கிட்டுத் தாண்டிப் போவாங்களாம், இப்போ அதே இடம் மணக்குதாம், போறவங்க வலது கையை நெத்திக்குக் கொண்டுபோய் சிலுவை போட்டுக்கிறாங்களாம், இந்த அழகை எனக்குக் குடுத்தவர் பிஷப் ஐனியாஸ்னு முடியுது. மூக்குக்குப் போன கை நெத்திக்குப் போகுது பாருங்க, எழுதினவர் கில்லாடி.

இதுல பாதி பிஷப்புக்கு விளம்பரம்தான், சந்தேகமே இல்ல. ஆனா விளம்பரத்துல தன்னை அறியாம ஒரு உண்மை கசிஞ்சிருக்கு. அந்த சர்ச் ஊருக்கு வெளிய எங்கயோ இல்ல, மெயின் தெருவுல இருந்து நடந்தா ரெண்டு மூணு நிமிஷம், அதுவும் ஊரோட பெரிய கோயிலுக்குப் பக்கத்துல. அந்த மாதிரி இடத்துல செத்த மாட்டையும் கழுதையையும் போடுற அளவுக்கு விட்டிருந்தாங்கன்னா, சர்ச் வர்றதுக்கு முன்னாடியே நகரத்தோட அந்தப் பகுதி கைவிட்டுப் போயிருந்திருக்கு. இதை மனசுல வெச்சுக்கங்க, ஏன்னா இந்த மாதிரி ஊர்களைப் பத்திப் பேசும்போது ஒரு ரெடிமேட் கதை சொல்வாங்க, கிறிஸ்தவம் வந்துச்சு, கோயிலை இடிச்சாங்க, சர்ச் கட்டினாங்க, அழகான ரோமானிய நகரம் நாசமாச்சுன்னு. ஜெராஷ் கல்லுங்க சொல்ற கதை அப்படி இல்ல. எங்கெல்லாம் பழைய நகரம் தன்னால அவிழ்ந்து போச்சோ அங்கெல்லாம் சர்ச் போய் உக்காந்துச்சு, அப்புறம் ஜனங்க நடக்குற வழி, தண்ணி, காசு, கல்லு எல்லாம் அதைச் சுத்தித் திரும்பக் கட்டுப்பட்டுச்சு.

முதல்ல ஊரைப் பத்திக் கொஞ்சம். அம்மான்ல இருந்து வடக்க 50 கிலோமீட்டர் கிட்ட, பழைய பேர் கெராசா. நடுவுல ஒரு சின்ன ஆறு, அதுக்கு கிரிசொரோவாஸ்னு பேர், பொன்னாறுன்னு அர்த்தம், மழை இல்லாத மாசத்துல பாத்தா பேர் ரொம்ப ஓவர்னு தோணும். கிமு 63-ல ரோமானியத் தளபதி பாம்பி (Pompey) அந்தப் பக்கம் வந்ததுல இருந்து ஊர்க்காரங்க தங்களோட ஆண்டுக்கணக்கை ஆரம்பிச்சாங்க, தமாஷ் என்னன்னா 500 வருஷம் கழிச்சு சர்ச் கல்வெட்டுலயும் அதே கணக்குலதான் வருஷம் போடுறாங்க, கிறிஸ்து பிறந்ததுல இருந்து எண்ணணும்னு யாருக்கும் தோணல. 106-ல ரோமப் பேரரசோட அரேபியா மாகாணத்துல சேர்ந்துச்சு, 129-130 குளிர்காலத்துல பேரரசர் ஹாட்ரியன் வந்து தங்கினாரு, அவருக்காகக் கட்டின வளைவு இன்னும் நிக்குது. இன்னிக்கு டூரிஸ்ட் போட்டோல வர்ற ஓவல் சதுக்கம், தூண் வரிசை வெச்ச தெரு, ரெண்டு தியேட்டர், ஜீயஸ் கோயில், ஆர்டெமிஸ்ங்கற பெண் தெய்வத்தோட கோயில் எல்லாம் பெரும்பாலும் கிபி 1, 2-ம் நூற்றாண்டுல வந்ததுதான்.

(பைபிள்ல பன்னிக் கூட்டம் மலைச்சரிவுல ஓடி ஏரில விழுந்து சாகுற கதை இருக்குல்ல, சில தமிழ் மொழிபெயர்ப்புல 'கெரசேனர் பகுதி'ன்னு வரும், அது இந்த ஊர்ப் பேர்தான். ஆனா ஜெராஷ்ல இருந்து கலிலேயா ஏரி 50 கிலோமீட்டருக்கு மேல, அந்தப் பன்னிங்க மாரத்தான் ஓடிருக்கணும். அதனாலதான் சில பழைய கைப்பிரதில பேரை கதரேனர்னு மாத்தி எழுதினாங்க, அப்பவும் தூரம் சரியா வரல.)

சரி, சர்ச். 359-ல நடந்த ஒரு திருச்சபைக் கூட்டத்துல கெராசா பிஷப் ஒருத்தர் கலந்துக்கிட்டாரு, அதனால 4-ம் நூற்றாண்டு நடுவுல இங்க ஒழுங்கான கிறிஸ்தவ சமூகம் இருந்திருக்கு. 375 வாக்குல சைப்ரஸ் பிஷப் எபிஃபானியஸ் எழுதுறாரு, கெராசால மறைசாட்சிகள் (மதத்துக்காக உயிர் விட்டவங்க) நினைவிடத்துல ஒரு நீரூற்று இருக்கு, இயேசு கானா ஊர்க் கல்யாணத்துல தண்ணியைத் திராட்சை ரசமா மாத்தின நாள் வரும்போது அந்தத் தண்ணியும் ரசமா மாறும், நம்ம சகோதரர்கள் குடிச்சிருக்காங்கன்னு. இந்த நீரூற்று முற்றம் இன்னும் இருக்கு. அதுக்குக் கிழக்க பெரிய சர்ச், கத்தீட்ரல்னு சொல்றது, மேற்க நாம பாத்த தியோடர் சர்ச். முன்னாடி கத்தீட்ரலையும் 4-ம் நூற்றாண்டுன்னுதான் சொல்லிட்டு இருந்தாங்க, பிற்பாடு தோண்டினவங்க 450 பக்கம்னு கொண்டு வந்துட்டாங்க. அதாவது அற்புதம் முதல்ல, கட்டடம் அப்புறம்.

கத்தீட்ரலுக்குப் போற வழி எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். மெயின் தெருவுல ஏற்கனவே 2-ம் நூற்றாண்டுல ஏதோ கோயிலுக்குக் கட்டின ஒரு பிரமாதமான வாசல் இருந்துச்சு, பூவேலை, இலைவேலை எல்லாம் செதுக்கினது, அதை இடிக்கல, அப்படியே எடுத்துக்கிட்டாங்க. வாசலைத் தாண்டினா அகலமான படிக்கட்டு, ஏறி ஏறி மேல போனா நேரா ஒரு சுவர், கதவே கிடையாது! ஏன்னா சர்ச்ல பீடம் கிழக்குப் பக்கம் இருக்கணும், தெருவும் கிழக்குலதான் இருக்கு, அதனால தெருவுல இருந்து வர்றவன் சர்ச்சோட முதுகுலதான் போய் முட்டுவான். பழைய கோயில்னா கதவு தெருவைப் பாத்து இருக்கும், சிலையும் உள்ள இருந்து வெளிய பாக்கும், ஒரு சிக்கலும் இல்ல. இவங்க என்ன பண்ணாங்கன்னா அந்த முதுகுச் சுவர்ல சிப்பி மாதிரி குடைஞ்ச ஒரு மாடம் வெச்சு, 'மிக்கேல், புனித மரியா, கபிரியேல்'னு எழுதி அதையே ஒரு சின்ன வழிபாட்டு இடமா ஆக்கிட்டாங்க, கும்பிட்டுட்டு பக்கவாட்டுல சுத்திக்கிட்டுப் போகணும். பழைய நகரம் போட்ட கோடு ஒரு பக்கம், புது மதத்தோட திசை இன்னொரு பக்கம், ரெண்டும் ஒத்துப் போகாத இடத்துல ஒரு சாமர்த்தியமான சமாளிப்பு.

இப்போ காசுக்கு வருவோம், மத்த எதையும் விட இதுதான் முக்கியம்னு நான் நினைக்கிறேன். 2-ம் நூற்றாண்டுல இந்தத் தூண், தியேட்டர், நீரூற்று எல்லாம் ராஜா கட்டிக் குடுத்தது இல்ல, ஊர்ல நகரசபைல இருந்த பணக்காரக் குடும்பங்க போட்டி போட்டுக் கட்டினது. தூண்ல பேர் பொறிச்சுக்கலாம், சிலை வெப்பாங்க, மரியாதை கிடைக்கும். 3-ம் நூற்றாண்டுல பேரரசே ஆட்டம் கண்டப்போ அது வத்திப் போச்சு, அப்புறம் நகரசபைப் பதவின்னா வரி வசூல் குறைஞ்சா கைக்காசுல கட்டணும்ங்கற நிலைமை, எவன் ஆசைப்படுவான், ஆளாளுக்கு நழுவப் பாத்தாங்க. அந்த வெற்றிடத்துலதான் பிஷப் வர்றாரு. அவருக்குக் காணிக்கை வருது, உயில்ல சொத்து வருது, பதவிக்காலம்னு ஒண்ணு கிடையாது, மனுஷன் சாகுற வரைக்கும் பிஷப்தான்.

கத்தீட்ரலுக்கு வடக்க ஒட்டின மாதிரி ஒரு குளியல் கூடம் இருக்கு, 454-455-ல பிஷப் பிளாக்கஸ் கட்டினது. குளியல் கூடத்தை பிஷப் கட்டுறாரு! அந்தக் கால ஊர்ல குளியல் கூடம்னா ஊர்வம்பு பேசுற இடம், ஊர் நாகரிகத்தோட அடையாளம், அதை இனிமே சர்ச் நடத்துது, 584-ல ரிப்பேர் கூடப் பண்ணிருக்காங்க. அதனால ஊர்ல இனிமே யாரும் எதுவும் கட்டலன்னு அர்த்தம் இல்ல, கட்டுற கை மாறிடுச்சு. கட்டினவன் பேரைப் போட்டுக்கற பழக்கம் மட்டும் துளி கூட மாறல.

அதுக்கு நல்ல உதாரணம் மூணு சர்ச் சேந்து ஒரே முற்றத்தோட கட்டினது, 529-ல இருந்து 533-க்குள்ள, ஜஸ்டினியன் பேரரசரா இருந்த காலம், உள்ளூர்ல பால்னு ஒரு பிஷப். ஒண்ணு புனித ஜார்ஜுக்கு, நடுவுல வட்டமா இருக்கறது திருமுழுக்கு யோவானுக்கு, மூணாவது காஸ்மாஸ், தமியான்ங்கற ரெண்டு வைத்தியருங்களுக்கு, காசு வாங்காம வைத்தியம் பாத்த புனிதருங்கன்னு அவங்களுக்குப் பேர். இந்த மூணாவது சர்ச் தரைல மொசைக் வேலை, கட்டம் கட்டமா பறவை, மிருகம், நடுவுல காசு குடுத்தவங்க. தியோடர்னு சர்ச்சைப் பாத்துக்கிட்ட ஒருத்தர் தூபக்கலசத்தோட நிக்கிறாரு, அவர் சம்சாரம் ஜார்ஜியா கையை உயர்த்தி ஜெபம் பண்றாங்க. முன்னூறு வருஷம் முன்னாடி கொடையாளின்னா மெயின் தெருவுல பளிங்குச் சிலையா நின்னிருப்பாரு. இப்போ சர்ச்சைப் பாத்துக்கற ஆளும் அவர் வீட்டம்மாவும் சின்னச் சின்னக் கல்லா தரைல. கொஞ்சம் கீழ இறங்கிருக்கு, ஆனா நிறையப் பேருக்கு இடம் கிடைச்சிருக்கு.

கல்லு எங்க இருந்து வந்துச்சுன்னு பாத்தா பழைய கட்டடத்துல இருந்துதான், தியோடர் சர்ச்ல தூணும் தூண் தலையும் இங்கொண்ணு அங்கொண்ணா பொறுக்கினதுன்னு பாத்தாலே தெரியும். இது களவு இல்ல, 397-ல பேரரசோட சட்டமே இடிஞ்ச கோயில் கல்லை ரோடு, பாலம், தண்ணிக் கால்வாய், மதில் வேலைக்கு எடுத்துக்கலாம்னு சொல்லிருச்சு. ஜெராஷ்ல இதை இன்னும் ஒரு படி மேல கொண்டு போய்ட்டாங்க. 6-ம் நூற்றாண்டுல ஆர்டெமிஸ் கோயில் வளாகத்துக்குள்ளயே ஒரு அறைல தண்ணில ஓடுற கல் அறுக்குற மெஷின் வெச்சாங்க. நெஜமாத்தான். தொட்டித் தண்ணி விழுந்து சக்கரத்தைச் சுத்தும், அச்சுல பொருத்தின தட்டும் நீளக் கட்டையும் அந்தச் சுத்தலை முன்னும் பின்னும் இழுக்கற அசைவா மாத்தும், ரம்பம் ரெண்டு பக்கமும் கல்லை அறுக்கும், ஒரே சமயத்துல பல வெட்டு. பாதி அறுத்த ரெண்டு தூண் துண்டு அங்கயே கிடந்துச்சு, அதுல இருந்த இணை இணையான வெட்டை வெச்சுத்தான் கண்டுபிடிச்சாங்க. பழைய தூணைப் பலகைக் கல்லா சீவி தரைக்கும் சுவருக்கும் ஒட்டறது வேலை. இதைச் சீரழிவுன்னு சொல்றவங்க அந்த மெஷின் படத்தை ஒரு தடவை பாக்கணும், கேனையனால செய்ய முடியற காரியம் இல்ல அது.

ஆர்டெமிஸ் கோயிலுக்கே என்ன ஆச்சு? அவதான் ஊர்த் தெய்வம். அந்த வளாகத்தோட திட்டமே ஒரு ஊர்வலத்துக்குப் போட்டது. ஜனங்க குடியிருந்தது பெரும்பாலும் ஆத்துக்குக் கிழக்க, அங்கிருந்து பாலத்தைத் தாண்டி, தூண் வரிசைத் தெருல ஏறி, ஒரு சின்ன சதுக்கம், மெயின் தெருவைக் குறுக்க வெட்டி, 150 வாக்குல கட்டின பெரிய வாசல், அப்புறம் ஏழேழு படியா ஏழு அடுக்கு, மேல பலிபீட முற்றம், இன்னும் படி, கடைசில கோயில். ஆத்தங்கரைல இருந்து தெய்வம் வரைக்கும் ஒரே நேர்கோடு. 391-392-ல பலியும் கோயில் வழிபாடும் சட்டப்படி நின்னு போச்சு, கோயில் கட்டடம் அப்படியே நின்னுச்சு, அதை சர்ச்சா மாத்தவும் இல்ல. ஆனா 6-ம் நூற்றாண்டுல அந்த ஊர்வலப் பாதைல, மெயின் தெருவுக்குக் கிழக்க, குறுக்க ஒரு சர்ச்சைக் கட்டிட்டாங்க. அதுவும் எப்படி, தெருவோட ரெண்டு பக்கத் தூண் வரிசையே சர்ச் உள்ள நடுக்கூடத்துத் தூணா ஆயிடுச்சு, சின்ன சதுக்கம் சர்ச் முற்றம் ஆயிடுச்சு. தெருவுக்குக் கூரை போட்டு சர்ச் ஆக்கின மாதிரி. முற்றத்து ஓரமா ஒரு வட்ட அறை, 565-னு வருஷம் போட்ட மொசைக் தரை, காணிக்கையும் தர்மப் பொருளும் வாங்கற இடம்னு கல்வெட்டு சொல்லுது.

யோசிச்சுப் பாத்தா கோயிலை இடிக்கறதை விட இது பெரிய காரியம். கோயிலுக்குப் போற வழியையே இல்லாம ஆக்கிட்டா அது வெறும் மேட்டு மேல இருக்கற கல் குவாரிதான். அந்த மேடைல அப்புறம் குயவருங்க சூளை போட்டாங்க, வடக்குத் தியேட்டர்லயும் சூளை வந்துச்சு. ஜெராஷ் கிண்ணம்னு பேர் போன, உள்பக்கம் சித்திரம் போட்ட மண் பாத்திரம் எல்லாம் இந்தக் காலத்துச் சரக்குதான்.

இடிச்சு, அது மேலயே கட்டினதும் உண்டு, ஆனா அது யூதருங்க ஜெபக்கூடம். ஆர்டெமிஸ் கோயிலுக்குப் பின்னாடி மேட்டுல இருந்துச்சு, எருசலேம் பக்கம் பாக்கணும்னு மேற்குப் பாத்துக் கட்டினது, நுழையற இடத்துல நோவா பேழைல இருந்து மிருகங்க வெளிய வர்ற மொசைக், நோவா பசங்க சேம், யாப்பேத் பேர் கூட எழுதிருக்கு. 530-531-ல அதை சர்ச்சா மாத்தினாங்க, திசை அப்படியே தலைகீழ், ஜெபக்கூடத்து வாசல் இருந்த பக்கம் சர்ச் பீடம் வந்துச்சு, நோவா தரைக்குக் கீழ போய்ட்டாரு. புதுசா ஜெபக்கூடம் கட்டக் கூடாதுன்னு 438-லயே சட்டம் வந்துருச்சு, அதனால இதை இழந்த யூதக் குடும்பங்களுக்குச் சட்டப்படி இன்னொண்ணு கட்டிக்க வழி கிடையாது. நான் மேல அவிழ்ந்து போன இடத்துலதான் சர்ச் உக்காந்துச்சுன்னு சொன்னேன், இந்த இடம் அதுக்கு அடங்காது. செத்த தெய்வத்தோட கோயிலைத் தொடாம விட்டவங்க, உயிரோட இருந்த அக்கம்பக்கத்து ஜனங்களோட இடத்தை எடுத்துக்கிட்டாங்க.

அதே பத்து வருஷத்துல இன்னொரு வேடிக்கை. ஊருக்கு வடக்க ஒன்றரை கிலோமீட்டர் கிட்ட பிர்கெத்தைன்னு ஒரு ரெட்டைக் குளம், பக்கத்துல சின்னத் தியேட்டர். மையூமான்னு ஒரு தண்ணித் திருவிழா, பழைய காலத்துல இருந்தே நடக்கறது, கூத்தும் கும்மாளமும் அதிகம்னு பிரசங்கிமாருங்க வாய் ஓயாம திட்டுவாங்க. 535-ம் வருஷக் கல்வெட்டு ஒண்ணு அந்த மையூமாவைக் கொண்டாடினதைச் சொல்லுது! மூணு சர்ச் கட்டி முடிச்சு ரெண்டு வருஷம்தான் ஆகிருக்கு. ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போற அதே ஆளுங்கதான் குளத்துலயும் ஆடிருக்காங்க.

தெற்க ஹிப்போட்ரோம், குதிரை ரதப் பந்தயம் நடந்த இடம், 15,000 பேர் உக்காரலாம்னு கணக்கு. பந்தயம் நின்னதுக்கு அப்புறம் படிக்கட்டுக்குக் கீழ இருந்த அறையெல்லாம் குயவர், தோல் பதனிடறவங்கன்னு பட்டறை ஆச்சு. அப்புறம் ஒரு கட்டத்துல அந்த அறைங்கள்ல அவசர அவசரமா பொணத்தை அடுக்கிருக்காங்க, இருநூறு பேருக்கு மேல. 541-ல எகிப்துல ஆரம்பிச்ச பிளேக் திரும்பத் திரும்ப அடிச்சுச்சுன்னு எல்லாருக்கும் தெரியும், 2025-ல வந்த ஆய்வுல இந்த எலும்புக்கூடுங்க பல்லுல இருந்தே பிளேக் கிருமியோட டிஎன்ஏவை எடுத்துட்டாங்க. இவ்வளவுக்கு நடுவுலயும் சர்ச் கட்டறது நிக்கல, 559, 570-னு வருஷம் போட்ட கல்வெட்டு வருது, கடைசியா பிஷப் கெனேசியஸ் காலத்து சர்ச், 611. மூணு வருஷத்துல பாரசீகப் படை வந்துருச்சு, 630-கள்ல அரபுப் படை.

அதோட ஊர் செத்துப் போச்சுன்னு ரொம்ப நாள் நம்பிட்டு இருந்தாங்க. 2002-ல டென்மார்க், ஜோர்டான் குழு ஊருக்கு நடுவுல, தெற்கு நாற்சந்தி கிட்ட உமய்யா கலீஃபாக்கள் ஆண்ட காலத்து மசூதி ஒண்ணைக் கண்டுபிடிச்சதும் அந்த எண்ணம் ஆட்டம் கண்டுச்சு. பழைய குளியல் கூடத்து மேல கட்டினது, சுத்தி கடைங்க. காசு கூட இங்கயே அடிச்சாங்க. சர்ச்சும் பல இடத்துல ஓடிட்டுத்தான் இருந்துச்சு, மொசைக்ல இருந்த ஆள், மிருக உருவத்தை மட்டும் பெயர்த்து எடுத்துட்டு மீதியை விட்டு வெச்சாங்க, காஸ்மாஸ் தமியான் சர்ச் தரை தப்பிச்சதாலதான் நாம ஜார்ஜியாவைப் பாக்கறோம்.

749 ஜனவரில பூகம்பம். ஊருக்கு விழுந்த பெரிய அடி அதுதான், சர்ச் எல்லாம் சரிஞ்சு விழுந்துச்சு, பொறுக்கின தூணும் பழைய கல்லும் வெச்சுக் கட்டின சுவருங்க. ஆர்டெமிஸ் கோயில் முன்னாடி இருந்த பன்னெண்டு தூண்ல பதினொண்ணு இன்னும் நிக்குது. தூண் துண்டுங்க நடுவுல கொஞ்சம் ஆட இடம் இருக்கு, கைடுங்க அடியில இருக்கற இடுக்குல ஒரு ஸ்பூனைச் செருகி விடுவாங்க, காத்து அடிக்கும்போது ஸ்பூன் மேலயும் கீழயும் போய்ட்டு வர்றதைப் பாக்கலாம்.